பொத்தான் பிரிவில் ஓடிய பாட்டு

என் மாமியார் போர்க்காலத்தில் ராணுவ உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவர். ஓய்வு பெறும்வரை அதே பிரிவு, அதே நாற்காலி. இப்போதும் யார் சட்டையிலாவது பொத்தான் தொங்கினால், நடுத்தெரு என்றுகூடப் பார்க்கமாட்டார், நிறுத்தி வைத்துத் தைத்துத்தான் அனுப்புவார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே ‘பட்டன் அம்மா’.

என் பேச்சு அவருக்கு எப்போதுமே செவிடன் காதில் ஊதிய சங்குதான். போன மாதம் டாக்டரும் அதற்குச் சான்று கொடுத்துவிட்டார். இடது காது போய்விட்டது, வலது காதும் சீக்கிரம் போய்விடுமாம். மாமியார் அழவில்லை. தொழிற்சாலையில் போட்ட போர்ப்பாட்டை, காது இருக்கும்போதே இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. போருக்குப் போன அவருடைய தம்பி திரும்பவே இல்லை. வானொலியில் அணிவகுப்புப் பாட்டு வந்தாலே எழுந்து போய்விடுகிறவர் அவர்.

“இப்ப எதுக்கு அத்தை அது?”

“கேக்கணும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் கணவர் பழைய சாமான் கடைகளில் அலைந்து இசைத்தட்டைக் கண்டுபிடித்தார். யாரோ வாங்கிக் கேட்காமலே வைத்திருந்தது போல, புத்தம் புதிதாக இருந்தது. கிராமபோன், கீழ்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் இரவல். அவரும் கூடவே வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

“இதுல்ல பாட்டு! ரத்தமே சூடாகுது பாருங்க!”

அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

மாமியார் வலது காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ‘வீரன் வீடு திரும்புவான்’ என்ற வரி வந்ததும் கையை உயர்த்தினார். பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

“இரு, இரு. ஏன் போயிடுச்சு? மறுபடி வை.”

வைத்தேன். மறுபடியும் அப்படியே போய்விட்டது.

“எங்க தட்டுல இந்த இடத்துல ஒரு கீறல்டி. ஊசி மாட்டிக்கும். வீடு திரும்புவான், வீடு திரும்புவான்னு அதையே பாடிக்கிட்டு இருக்கும். சூப்பர்வைசர் வந்து ஊசியத் தூக்கணும். அவர் பையனும் சண்டைக்குத்தான் போயிருந்தான். மெதுவாத்தான் நடந்து வருவார். நாங்களும் கூடவே பாடிக்கிட்டுத் தைப்போம்.”

வாட்ச்காரர் பாடுவதை நிறுத்திவிட்டார்.

“நிஜப் பாட்டுல ஒரு தடவைதானா வருது?” என்று மாமியார் கேட்டார்.

குனிந்து அவர் காதில் சொன்னேன். “ஆமா அத்தை. ஒரே தடவைதான்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“அத்தனை தடவை சொல்லி என்னை ஏன் ஏமாத்தினேன்னு, இந்தப் பாட்டுகிட்ட நேருக்கு நேர் உக்காந்து கேட்டுடணும்னு இருந்தேன்,” என்றார். “பாவம், அது ஒரு தடவைதான் சொல்லியிருக்கு.”