நித்திரையில் குரைத்த நாய்க்கு நாள் பார்த்த கதை

எங்கள் நாய் விழித்திருக்கும்போது குரைப்பதில்லை. கோப்பாயில் எங்கள் படலையைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் வாலை ஆட்டி உள்ளே கூட்டிவரும். அதன் வீரமெல்லாம் நித்திரையில்தான். மத்தியானம் விறாந்தையில் மாமாவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கண்ணை மூடினால், சற்று நேரத்தில் முன்னங்கால் விரல்கள் துடிக்கும். பிறகு நான்கு கால்களும் படுத்தபடியே ஓடும். மூடிய இமைக்குள் கண் உருளும். வாயைத் திறக்காமலே "உவ், உவ்" என்று குரைக்கும். சில நாட்களில் அதற்கும் மேலே போய், மெல்லிய குரலில் ஓர் ஊளை.

நான் இதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவள். கோழிக்கூட்டைச் சுற்றும் கீரியைக் கண்டால் எனக்குப் பின்னால் ஒளிகிற பிராணி, கனவில் அதே கீரியைக் கரவெட்டி வரை துரத்திவிட்டு வருகிறது என்பது என் முடிவு. கூப்பிட்டால் எழும்பி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்துவிட்டு மறுபடி படுக்கும். நோயுமில்லை, பேயுமில்லை.

என் கணவரின் தகப்பனான மாமாவுக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்த சமயம், மச்சாள் வந்து சேர்ந்தார். கணவரின் அக்கா. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூளையின் படத்தைப் புத்தகம் பாராமலே கரும்பலகையில் கீறுவாராம். கீறிய மூளைகளில் ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் நாய் ஊளையிட்டது. மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உது நல்லதுக்கில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார், உது அவரின்ரை கட்டிலுக்குக் கீழை கிடந்து ஊளையிடுது. காலைப் பாரும், ஆரோ வாறதைக் கண்டு ஓடுது."

"கனவு காணுது மச்சாள்," என்றேன்.

"நாய்க்கு என்ன கனவு? எமன் வாறது மனிசற்றை கண்ணுக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரமுதல் உதைச் சந்தையடியிலை விட்டிட்டு வரச்சொல்லும்."

எங்கள் பக்கத்தில் வேண்டாத நாயை யாரும் கொல்வதில்லை. சைவக்காரர் அல்லவா! உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, தூரத்துச் சந்தையடியில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவித் திருநீறு பூசிக்கொள்வார்கள். மிச்சத்தை லொறிகள் பார்த்துக்கொள்ளும்.

என் கணவர் அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். "ஓம் அக்கா," என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். கீரி, கனவு என்று கதைத்தவளுக்கு உள்ளுக்குள் பயம் தட்டிவிட்டது. மாமாவுக்கு ஏதும் நடந்தால் பழி என் தலையில்தான் விழும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு முன்னால் வாலாட்டிக்கொண்டு நின்ற பிராணியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதைக் காப்பாற்றியது பஞ்சாங்கம். நாயைக் கொண்டுபோய் விடுவதற்கும் நாள் பார்க்கவேண்டும் என்றார் மச்சாள். ஞாயிறு அட்டமி. திங்கள் நவமி. செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து உயிருள்ள எதையும் வெளியே அனுப்பக்கூடாதாம். முட்டை உயிருள்ளதா இல்லையா என்று சற்று யோசித்துவிட்டு, அதையும் விற்கவேண்டாம் என்றார். எமனுக்கு வழிகாட்டி என்று பழி சுமத்திய பிராணிக்கு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற கவனத்தோடு நேரம் குறித்தார்: புதன்கிழமை, இராகுகாலம் கழிந்து ஒன்றரைக்குப் பிறகு.

செவ்வாய் பின்னேரமே டொக்டர் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாய் அவருடைய காலை நக்கிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தது. எமனை யாரும் காணவில்லை. ஆனாலும் மச்சாள் குறித்த நேரத்தை மாற்றவில்லை.

புதன் மத்தியானம் மச்சாள் மீன் குழம்போடு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒன்றரைக்குத் தன்னை எழுப்பச் சொல்லி, மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். ஒன்றரைக்கு என் கணவர் உரப்பையோடு விறாந்தையில் வந்து நின்றார்.

"உதென்ன பை?" என்றார் மாமா.

கணவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் கஷ்டமான பதில்களெல்லாம் என் பங்கு.

"மச்சாள் சொன்னவ, மாமா. நாய் நித்திரையிலை காலை அடிச்சு ஊளையிடுறது உங்களுக்குக் கூடாதாம். சந்தையடியிலை கொண்டுபோய் விடப்போறம்."

மாமா சாய்மனைக் கதிரையின் பக்கம் திரும்பினார். மச்சாள் வாயைத் திறந்தபடி கிடந்தார். வலது காலின் பெருவிரல் துடித்தது. பிறகு முழங்கால் ஓர் உதை உதைத்தது. தொண்டைக்குள் "உம், உம்" என்று யாரையோ அதட்டினார். கடைசியில் நீளமாக ஒரு முனகல். கட்டிலுக்குக் கீழே நாய் தலையை நிமிர்த்திக் காதைத் தீட்டியது.

மாமா மகனைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"தம்பி, ஒரு பை காணாது. உவளுக்கும் ஒண்டு எடுத்துக்கொண்டு வா."