அத்தையின் செந்தேள்கள்

தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடையில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் மாடும், மறு மூலையில் செந்தேள்களும் குடியிருந்தன. மாடு அம்மாவின் பொறுப்பு. வாய்க்குத் துணி கட்டிய மண்சட்டிகளில் இருந்த தேள்கள் அத்தையின் பொறுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை.

அவள் அப்போது சென்னையில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி. தேள் விஷத்தில் இருக்கும் பெப்டைடுதான் அவள் பாடம். அது என்னவென்று கேட்டதற்குத் தலையிலிருந்த மல்லிச்சரத்தைக் காட்டி, "இது புரோட்டீன். இதுல நாலு பூவ கிள்ளி எடுத்தா பெப்டைடு. அவ்ளோதான்டா" என்றாள். அந்த நாலு பூவுக்காக விடுமுறை முழுக்க எங்கள் ஊர் வல்லத்து ஏரிக்கரைக் கற்களைப் புரட்டினாள். விடுமுறை முடிந்து தேள்களோடு சென்னையில் போய் நின்றால்தான் ஆராய்ச்சி தொடரும்; இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டை கட்டினால் கல்யாணம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் அவளுக்கென்று ஆய்வுக்கூடம், மாணவர்கள், மேடைகள் எல்லாம் வந்தன. அத்தனையையும் முன்கூட்டியே ஒழித்துக்கட்டப் பார்த்தவன் நான்.

சாப்பிடும்போதும் அவளுக்குத் தேள் பேச்சுதான். செந்தேள் கொட்டினால் முதலில் வேர்க்கும், அப்புறம் வாந்தி, அப்புறம் கைகால் சில்லிட்டுப்போகும், சின்னப் பிள்ளைகள் பிழைப்பதே கஷ்டம். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். நான் பொத்திக்கொள்ளவில்லை. அதுதான் வினை.

விடுமுறையின் கடைசி ஞாயிறு மதியம் கொட்டகையில் விறகு எடுக்கப் போனேன். குதிகாலில் சுரீரென்று ஏறியது. குனிந்தால் சிவப்பாக ஏதோ ஓடியது. எறும்பாக இருந்திருக்கும். அலறினேன். பிறகு அத்தை சொன்ன வரிசை பிசகாமல் வேர்த்தேன், வாந்தியெடுத்தேன், சில்லிட்டேன். பள்ளியில் எந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில்லை. அத்தை என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அது போதும். கண்ணை மூடிச் செத்துப்போனேன்.

அத்தை பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடி, ஒரு செங்கல் லாரியை மறித்தாள்.

"இன்னாமா, புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"செந்தேளுண்ணா. சீக்கிரம் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வுடுண்ணா."

"அய்யய்யோ. பேச்சு மூச்சு கீதா?"

"அத்தே, நான் செத்துட்டேனா?" என்றேன்.

"பேச்சு நல்லாவே கீது" என்று அவர் கியரைப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். இடுக்கியால் எதையோ இழுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். கருவேல முள்.

"இதாம்மா உங்க செந்தேளு. இதுக்கு மருந்து ஒண்ணும் வேணாம், செருப்பு போட்டா போதும்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடி விழும் என்று காத்திருந்தேன். ஐஸ் வாங்கிக் கொடுத்தாள்.

வீடு திரும்பியபோது கொட்டகையெல்லாம் ஈரம். அம்மா அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரு சட்டி விடாமல் ஊற்றியிருந்தாள்.

"எம்புள்ளைய கொட்னது ஒண்ணுகூட உசுரோட இருக்கக் கூடாது" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

அத்தை ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். முள்ளைப் பற்றி வாயே திறக்கவில்லை. "புள்ள பொழச்சிட்டான்ல அண்ணி, வுடுங்க" என்றாள்.

நான்தான் பெருமை தாங்காமல் கத்தினேன்: "தேளே இல்லம்மா, முள்ளு!"

அம்மாவின் கை என் முதுகிலிருந்து மெல்ல நழுவியது.

மறுநாள் விடிந்ததும் நொண்டிக்கொண்டே ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே அத்தையோடு, கையில் கடப்பாரையுடன் அம்மா. பல்லியைக் கண்டாலே கத்தித் தெருவைக் கூட்டுகிறவள், பெரிய கல்லொன்றை நெம்பித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி, "அடியில தேளு கீதா? சீக்கிரம் பாரு, கல்லு கனக்குது" என்றாள்.

"நேத்து எல்லாத்தையும் கொன்னுட்டு, இன்னிக்கு இன்னாத்துக்குமா தேடுற?" என்று கேட்டேன்.

இருவரும் அடுத்த கல்லுக்குப் போனார்கள். பெரியவர்களுக்கு நிலையான புத்தியே கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன்.