மூன்று ஓலையும் ஒரு தொடர்கதையும்

அந்தக் கதைகளில் வருகிற ஊரில் மழை எப்போதும் வேண்டிய நாளில் பெய்யும். கடைக்காரர் நல்லவர், தபால்காரர் நல்லவர், வம்பு பேசுகிற கிழவிகூட ஐந்தாறு அத்தியாயத்துக்குள் நல்லவளாகிவிடுவாள். ஒரு பெண் இருப்பாள், ஒரு பையன் இருப்பான், நடுவில் கோபக்கார அப்பா ஒருவர். கடைசியில் ஊரே கூடி அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கும். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் அப்படி ஒரு கதை கையில் கிடைத்தால் அடுப்பில் உலை பொங்கி வழிவது தெரியாமல் படிப்பேன். அது பொய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. தெரிந்தும் படிக்கிறேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், என் குட்டிச்சுவர் இதுதான்.

ஆவூரிலிருந்து நடந்தே போய்விடலாம் எங்கள் ஊருக்கு. ஒரு மாதாகோயில், அதை ஒட்டிப் பள்ளிக்கூடம், ஓர் ஊருணி, சுற்றிலும் வேதக்காரர் வீடுகள். எல்லோரும் கடலையும் வரகும் போடுகிறவர்கள். கோயிலுக்குள் நடுவில் ஒரு நடை விட்டிருக்கும். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் உட்காருவோம், அந்தப் பக்கம் மற்றவர்கள். யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஆனால் தவழ்கிற பிள்ளை அந்த நடையைத் தாண்டினால்கூட யாராவது காலைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய மறுவருஷம் திருமயம் பக்கமிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர் எந்தப் பக்கம் போகிறார் என்று ஊரே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அதோடு அவரைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது.

அவருக்குத் தபாலில் ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் வருகிற தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைப்பார். இதைத் தைத்துக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்க, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை என்னைச் சொல்லியிருக்கிறார். பீடத்துணியெல்லாம் நான்தான் தைப்பேன். அப்படித்தான் அந்தத் தாள்கள் வாராவாரம் கோயில்பிள்ளை கையால் என்னிடம் வந்தன. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தைப்பதற்கு முன்னால் படித்தேன். படித்ததும் பித்துப் பிடித்துப்போனேன்.

மத்தியானங்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாட்டுக்கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உடைப்போம். பருப்பின் மேல்தோல் கிழியாமல் ஒவ்வொன்றாகக் கையால்தான் உடைக்க வேண்டும். தோல் கிழிந்தால் முளைக்காது. கதை வர ஆரம்பித்த பிறகு ஓர் ஏற்பாடு உண்டானது. என் பங்குக் கடலையை மற்றவர்கள் பகிர்ந்து உடைத்துவிடுவார்கள், நான் படிக்க வேண்டும். எனக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை வாழ்நாளில் வாய்க்கவில்லை.

கதை இதுதான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வைத்தியர் மகளுக்கும் அந்த ஊர்த் தபால்காரருக்கும் ஆசை. வைத்தியரோ மகளை ஒரு பெரிய மிராசுதாருக்குப் பேசிவிடுகிறார். அந்த ஊரில் யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று எழுதினவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எல்லோரும் ஊரார், அவ்வளவுதான். நாங்களும் கேட்கவில்லை. மனசார அழுதோம். பெரியம்மாதான் முதலில் ஆரம்பிப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்கிற தாளைப் பார்த்தே சண்டை போடுவார்.

"அந்தப் புள்ளைக்காக வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்ல அந்த ஊர்ல நாதி இல்லையாடி? எல்லாம் கொழுக்கட்டையா அடைச்சிருக்கானுக வாயில?"

ஒருநாள் ஒரு தாளின் ஓரத்தில் பென்சில் புள்ளி ஒன்று இருந்தது. வைத்தியர் மகள் கிணற்றடியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள் என்ற வரிக்குப் பக்கத்தில். கை தவறி விழுந்த புள்ளி இல்லை, அழுத்தி வைத்த புள்ளி. நான் அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்துத் தைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் மூன்று வரிகளுக்குப் புள்ளி வந்தது. இரண்டுக்கு நானும் வைத்தேன், ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை, அதற்கு வைக்கவில்லை. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இதையா காதல் என்கிறாய் என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். பெரியம்மா மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "இந்த வாரம் எத்தனைடி?" என்று காதோரம் கேட்பார். மற்றவர்களுக்கும் அவர் மூலம் தெரிந்தது. யாரும் வெளியே விடவில்லை. அதனால் அவர்கள் என் பக்கம் என்று நம்பினேன்.

வாத்தியாரும் நானும் நேரில் பேசியது ஒரே ஒரு தடவை, ஊருணிக் கரையில்.

"வீட்டுல வந்து கேக்கட்டுங்களா?" என்றார்.

"வாங்க" என்றேன்.

வந்தார், தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு. என் அப்பா அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்கவைத்தே பேசினார். "கோயில்ல ஒங்க எடம் எதுன்னு ஒங்களுக்கே தெரியுமில்லைங்களா? அதுமாதிரிதாங்க இதுவும். போயிட்டு வாங்க." சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்த மாசமே என்னை ஒரு தூரத்து உறவுக்காரருக்குப் பேசி முடித்தார்கள். மலாய்க்குப் போய்ச் சண்டைக்கு முன்னால் ஊர் திரும்பியவர், மனைவி இறந்துபோனவர், எங்கள் பக்கம் உட்காருகிறவர்.

எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசையில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் பெண்ணின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் சொல்லி, இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்லிவிட வேண்டும், தெரிந்தும் மறைத்தால் பாவம் என்று அறிவிப்பார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அதெல்லாம் நான் கதை படிக்காத காலம்.

நான் ஏமாந்தது இங்கேதான். சாமி சந்நிதியில் வைத்து ஊரைக் கூப்பிட்டு, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்கிறார்கள். வைத்தியர் மகளுக்குக்கூட இப்படி ஒரு வசதி வாய்க்கவில்லையே என்று நினைத்தேன். ஏழெட்டுப் பேருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை மறைத்தால் பாவம். அவர்கள் முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கொட்டகையில் ஒப்பாரி வைத்தவர்கள், எனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா? நான் பயப்படவே இல்லை. ஓலை வாசிக்கிற அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன் என்றால் பாருங்கள்.

முதல் ஓலை வாசித்தார்கள். பெரியம்மா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. கதையிலும் முதலில் யாரும் பேசமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் ஓலையும் அப்படியே போனது. அன்று மத்தியானம் கொட்டகைக்குப் போய்ப் பெரியம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க சாமியாருட்ட போய்ச் சொல்லலாமில்ல பெரியம்மா?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "என்னத்தடி சொல்றது?"

"எனக்கு இஷ்டமில்லைன்னு. ஒங்களுக்குத் தெரியுமில்ல."

"அடி பைத்தியக்காரி. மொதத் தாரம் உசுரோட இருந்தா அது விக்கினம். ரத்த உறவா இருந்தா அது விக்கினம். ஆசை ஒரு விக்கினமாடி?" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். "எல்லாஞ் சரியாப் போயிரும். ஒனக்கு ஒண்ணுன்னா நாங்க விட்டுருவமா?"

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு வாரத்தை ஓட்டினேன். மூன்றாம் ஓலை வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் இருமினார். பேசப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெறும் இருமல்தான். நடைக்கு அந்தப் பக்கமும் யாரும் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் எழுந்து நின்றிருந்தால் அவர் வேலை போயிருக்கும், அவருடைய ஆட்களுக்கு எங்கள் காடுகளில் வேலை போயிருக்கும். அதனால் அவரைக் குறை சொல்லமாட்டேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளுக்குள் கொஞ்சம் குறை சொல்லத்தான் செய்கிறேன். கலியாணத்துக்கு முந்தின வாரம் அவருக்கு மாற்றல் வந்தது. எந்த ஊருக்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்பா முன்னால் வாயைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை. வாயைத் திறக்காமல் இருக்கிற தைரியம் இருந்தது. தாலி கட்டுவதற்கு முன் சாமியார் பெண்ணிடம் சம்மதம் கேட்பார். பெண் பதில் சொல்லாமல் கலியாணம் முடியாது. கல்லுப்பிள்ளையாராக நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். என்னிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

ஊரே கூடித்தான் என் கலியாணத்தைச் செய்தது. பந்தல் போட்டார்கள், தோரணம் கட்டினார்கள், கொட்டகைப் பெண்கள் விடியுமுன்னே வந்து அரிசி களைந்தார்கள். நாயனக்காரர் வழக்கத்தைவிட உருகி வாசித்தார். ஒருவர்கூட ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. கோயிலில் எனக்குத் தாய் ஸ்தானத்தில் பக்கத்தில் நிற்கப் பெரியம்மாவைத்தான் விட்டிருந்தார்கள், என் அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டதால்.

சாமியார் மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் சம்மதம் என்றார். பிறகு என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். பேசவில்லை. சாமியார் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். அந்த நொடியில் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை வந்தது. இன்னும் ஒரு தரம் கேட்கட்டும், அதற்கும் பேசாமல் இருந்துவிட்டால் போதும், தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போது பின்னந்தலையில் முக்காட்டின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கடலை உடைத்து உடைத்து விரல் நுனி சொரசொரத்துப்போன கை, துணிக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. அது என் தலையைக் கீழே அழுத்தியது. ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

"புள்ளைக்குக் கூச்சம் சாமி" என்றார் பெரியம்மா.

கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெண்கள் கூச்சப்படுவதும், பக்கத்தில் நிற்கிறவர் தலையை ஆட்டிவிடுவதும் வழக்கம்தான், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. என் தலை ஆடியது சம்மதமாகிவிட்டது. கெட்ட எண்ணத்தில் அவர் அதைச் செய்யவில்லை. என் மானம் போய்விடக் கூடாதென்று பதறித்தான் செய்தார். என்மேல் அவ்வளவு பிரியம்.

புருஷன் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் கெட்டவர் இல்லை. அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், பேசவும்மாட்டார். நான் படிக்கிற தாளில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை ஒரு நாள் கேட்டதில்லை. நாற்பது வருஷம் அப்படிப் போனது, அதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது ஒன்றுதான். சண்டையில் காகிதத் தட்டுப்பாடு வந்து பத்திரிகை மெலிந்து, கதை இழுத்துக்கொண்டே போனது. வாத்தியார் போன பிறகும் பத்திரிகை பள்ளிக்கூடத்து விலாசத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கலியாணம் முடிந்து இரண்டு மூன்று மாசம் கழித்து, சேர்ந்துபோனவற்றைக் கோயில்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தேன். பக்க ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. புள்ளி இருக்காது என்று தெரிந்தும் பார்த்தேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். என் பங்குக் கடலையை அவர்கள் முன்பே எடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். கடைசி அத்தியாயம் வரை ஒரே மூச்சில் படித்தேன். வைத்தியர் மகளின் கலியாணத்தன்று பூக்காரி மாலையைக் கொடுக்கமாட்டேன் என்கிறாள். சமையல்காரர் அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிறார். நாயனக்காரர் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிவிடுகிறார். பிள்ளைக்கு இஷ்டமில்லாத கலியாணத்துக்கு எங்கள் கை வராது என்று ஊரே வைத்தியர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மிராசுதார் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகிறார்.

எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. குரல் தடுமாறாமல் படித்தேன், அது எனக்கே ஆச்சரியம்தான்.

பெரியம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளைடி" என்றார். "அந்த ஊர்ல மனுசங்க இருந்திருக்காங்க."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு அடுத்த கடலையை உடைத்தார், தோல் கிழியாமல்.

"அவுக வந்து ஒக்காருறத மட்டும் இன்னொருவாட்டி படிடி" என்றார்.

படித்தேன்.