கேலன் உன்ரூ போட்ட பதினான்கு டிக்

கேலன் உன்ரூ பதினோரு வருஷம் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். ஜெயித்தது இருபத்து மூன்று ஆட்டம், தோற்றது எண்பத்தொன்று. இதை வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். புதிதாக ஒருவரைப் பார்த்தால் கை குலுக்குவார், பெயரைச் சொல்லுவார், அடுத்த மூச்சில் இந்த இரண்டு எண்களையும் சொல்லுவார். "பின்னால தெரிஞ்சு நீங்க அதிர்ச்சியாகக் கூடாது பாருங்க," என்பார்.

மேற்குக் கான்சாஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கிற டர்ன்புல் சமுதாயக் கல்லூரியில்தான் இந்தச் சாதனை. முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற ஆட்டம் அது. கேலனின் பையன்கள் தள்ளியதைவிடத் தள்ளப்பட்டதே அதிகம்.

அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை பழைய மாணவர்களை எல்லாம் வரவழைப்பார்கள். ஊர்வலம் விட்டு, இரண்டு பேரை ராஜா ராணி என்று முடிசூட்டி, கூட்டத்தின் முன்னால் ஓர் ஆட்டம் நடத்துவார்கள். அந்த ஆட்டத்துக்கு எந்த அணியை அழைப்பது என்பதில் எல்லாரும் ரொம்பக் கவனமாக இருப்பார்கள். வந்த விருந்தாளிகள் முன்னால் தோற்றால் மானம் என்ன ஆவது? ஒரு வருஷம் கேலனின் அணியை ஐந்து கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் விழாவுக்கு அழைத்தன. நம் பையன்கள் மரியாதை தெரிந்தவர்கள், அதனால்தான் இத்தனை அழைப்பு என்று அவர் பூரித்துப்போனார். வீட்டுக்குப் போய் மனைவி லொரீனிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கேலன், அவங்க உன்னைக் கூப்பிடறது ஜெயிக்கறதுக்கு."

"யாரு ஜெயிக்கறதுக்கு?"

லொரீன் இன்னொரு கிழங்கை எடுத்தாள். கேலனுக்கு விஷயம் உறைக்க அந்தக் கிழங்கு முழுவதும் உரிபட வேண்டியிருந்தது. ஆனாலும் ஐந்து விழாவுக்கும் போனார். ஐந்திலும் விருந்தாளிகள் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள்.

பதினோராவது வருஷ முடிவில் கல்லூரித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக் கேலன் மேஜைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். தலைவர் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "உங்களை இங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, கேலன். ஸ்கோர் போர்டுக்குத்தான் பிடிக்கல. அது இல்லாத எடத்துல உக்காந்துக்கங்களேன்."

இப்படித்தான் அவர் விளையாட்டுத் துறை இயக்குநர் ஆனார். தோற்றுத் தோற்றே மேலே வந்த ஆள் அந்த மாநிலத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

இயக்குநர் என்றால் சாய்வு நாற்காலி என்று நினைத்திருந்தார். நாற்காலி இருந்தது, உட்காரத்தான் நேரம் இல்லை. மைதானத்தில் புல் வெட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது, பஸ் ஓட்டுவது, சோளப்பொரி இயந்திரத்தைக் கழுவுவது, ஸ்கோர் போர்டுக்குள் கூடு கட்டும் குளவிகளை விரட்டுவது எல்லாம் அவர் பாடு. இது போதாது என்று செவ்வாய், வியாழன் காலை ஏழு மணிக்கு முதலுதவி வகுப்பு வேறு. படிப்புக் கணக்கில் ஒரே ஒரு கிரெடிட். பதினான்கு மாணவர்கள், பதினான்கு பேரும் கால்பந்துப் பையன்கள். பாடத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல, அவர் யாரையும் ஃபெயில் ஆக்கியதில்லை என்கிற நல்ல பெயரால்.

இயக்குநராக அவர் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. மார்லன் டீக்கைப் பயிற்சியாளராக வைத்தார். டீக் அவரிடமே ஆடியவன். ஒன்பது ஆட்டத்துக்கு ஒன்பதும் தோற்ற ஒரு வருஷத்தில், முன் வரிசையின் நடுவில் நின்று அத்தனை அடியையும் வாங்கியவன். இப்போது நாற்பது வயது, மூன்று குழந்தைகள், ஆனாலும் கேலனை இன்னும் 'கோச்' என்றுதான் கூப்பிடுவான். கேலனுக்குப் பிள்ளைகள் இல்லை. டீக் மேல் உள்ள பிரியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, டீக்கிடம்கூட.

இந்த வருஷம் டீக்கின் அணி ஏழு ஆட்டம் ஆடி ஏழையும் ஜெயித்தது. ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் தலைக்கு நடுவில் கல்லூரியின் எழுத்தை வெட்டிவிட ஆரம்பித்தார். போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தார். இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால், கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து எட்டாத இறுதிச் சுற்று கைக்கு வந்துவிடும். டீக் சாதாரண நாட்களிலும் சிரித்துக்கொண்டே நடந்தான்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மதியம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து நாடீன் ஃபைஃபர் ஃபோன் செய்தார்.

"கேலன், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. உங்க முதலுதவி வகுப்புல யாருமே இல்ல."

"யாருமே இல்லையா? நேத்து காலைல பதினாலு பேரு இருந்தாங்களே! ஒருத்தன் கைக்கு இன்னொருத்தன் போட்ட கட்டை அவுக்க முடியாம நான்தான் கத்தரிக்கோலால வெட்டி விட்டேன்."

"கம்ப்யூட்டர்ல இல்ல. வாங்க."

போனார். நாடீன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், எல்லா ஆசிரியர்களும் கணினியில் ஒரு பட்டியலைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள்கூட வகுப்புக்கு வராதவர்கள் யார் என்று கேட்கிற பட்டியல்.

"வராதவங்களுக்குத்தான் டிக் போடணும், கேலன். நீங்க பதினாலு பேருக்கும் போட்டிருக்கீங்க."

முப்பது வருஷமாக வந்தவனுக்கு டிக் போட்டுப் பழகிய கை அது. அன்று எத்தனை நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒருவனையும் விடாமல் போட்டார் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. பதினான்கு பேரையும் கணினி வகுப்பிலிருந்து நீக்கிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் மூன்று முறை வந்திருந்தது. கேலனின் பெட்டியில் படிக்காத கடிதம் நாலாயிரம் கிடந்தது. இவை அவற்றில் மூன்று.

விதி எளிது. ஆட்டம் நடக்கிற அன்று பன்னிரண்டு கிரெடிட்டுக்குப் பதிவு இல்லாதவன் களத்தில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஜெயித்த ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். ஒரு கிரெடிட் போனாலும், வேறு பாடங்கள் கூடுதலாக எடுத்திருந்த ஒன்பது பேர் தப்பித்தார்கள். ஐந்து பேர் பதினொன்றுக்கு இறங்கிவிட்டார்கள். அந்த ஐந்து பேரும் ஏழு ஆட்டத்திலும் ஆடியவர்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் கேலன். அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"எனக்கு. இப்ப உங்களுக்கு." நாடீன் எழுந்தார். "அவங்களைத் திரும்பச் சேத்துடலாம். எந்தத் தேதியிலேர்ந்துன்னு ஒரு கட்டம் கேக்கும். இன்னைக்குத் தேதியும் எடுத்துக்கும், ஆகஸ்ட் தேதியும் எடுத்துக்கும். நான் காபி எடுத்துட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும்."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு படிவத்தைக்கூட ஒரு நாள் தாமதமாக வாங்கிக்கொள்ளாத பெண்மணி அவர். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

தேதி போடும் கட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாததால்தான் அன்று யோக்கியனாக இருந்தேன் என்று கேலன் பின்னாளில் சொல்லித் திரிந்தார். அது பொய். கட்டம் கண் முன்னால் பளிச்சென்று இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. அவருக்கு ஆசையாக இருந்தது. அழுகை வரும் அளவுக்கு ஆசையாக இருந்தது. சட்டென்று எழுந்து மைதானத்துக்கு நடந்தார்.

டீக் பயிற்சியில் இருந்தான். கேலன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். டிக்கிலிருந்து காபி வரை, எதையும் விடவில்லை. டீக்கின் சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"வராதவனுக்கு டிக் போடணும்னு மேலயே எழுதியிருக்கும் கோச்!"

"எழுதியிருந்துச்சு. நான்தான் படிக்கல."

"இப்ப எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு..."

"கேக்காதீங்க! கேட்டா மூடிடுங்கன்னுதான் சொல்வேன். சத்தியமா அதைத்தான் சொல்வேன். அதனால எங்கிட்ட கேக்காதீங்க."

தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு பையன்களை நோக்கிப் போய்விட்டான். அவன் சொல்லட்டும், பழியில் பாதியை அவன் தலையில் போட்டுவிடலாம் என்றுதான் வந்தோம் என்பது கேலனுக்கு அப்போது புரிந்தது. எண்பத்தொரு தோல்வியிலும் படாத வெட்கம் அவருக்கு அங்கே வந்தது.

திரும்பிப் போனபோது நாடீன் இரண்டு கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குத் தேதி போடுங்க, நாடீன்."

நாடீன் போட்டார். காபியை அவர் பக்கம் நகர்த்தினார்.

லீக் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், விதி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கேலனின் இருபத்து மூன்று வெற்றிகளில் ஒன்று இப்படி, எதிரணி விதியை மீறியதால், தபாலில் வந்தது. ஜனவரி மாதம், விதைக் கம்பெனி விளம்பரங்களுக்கு நடுவில் வந்து கிடந்தது. அவர் உறையைப் பிரித்துப் படித்தபோது ஆடிய பையன்களில் பாதிப் பேர் கல்லூரியை விட்டே போயிருந்தார்கள். அதனால் அன்று மதியமே ஏழு பயிற்சியாளர்களையும் ஃபோனில் கூப்பிட்டார்.

ஒருவர் நம்பவில்லை. "முப்பத்தெட்டுக்கு ஆறுன்னு தோத்தோம், கேலன். அதை எங்க பேருக்கு எழுதினா எங்க பையன்களே சிரிப்பாங்க." இன்னொருவர் வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டு, அடுத்த வருஷமும் அந்த வகுப்பை நீங்களே எடுங்கள் என்றார். ஆறு மணிக்குள் ஏழு அணிகளை ஜெயிக்க வைத்துவிட்டார் கேலன். பயிற்சியாளராக இருந்த காலத்தில் இதற்கு அவருக்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டிருந்தது.

மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தோடு தலைவரிடம் போனார். தலைவர் முழுவதும் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சனிக்கிழமை பஸ்ஸை யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"அப்ப இதைத் திங்கக்கிழமை பேசலாம்." கடிதத்தை இழுப்பறையில் போட்டார். "பையன்கள்ட்ட யாரு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

அன்று மதியம் உடை மாற்றும் அறையில் அறுபத்திரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைக் கேலன் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை ஒருமுறை பார்த்தார். அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நாங்க தோத்துட்டோமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"பேப்பர்ல, ஆமா."

"ஏழுமா?"

"ஏழும். இறுதிச் சுற்றும் இல்ல."

யாரோ அலமாரிக் கதவை உதைத்தார்கள். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கேலன் அதைத் தடுக்கவில்லை, அந்த வார்த்தை சரியான ஆளுக்குத்தான் சொல்லப்பட்டது. அந்த ஐந்து பேரில் ஒருவன், லூசியானாவிலிருந்து வந்த பெரிய உடம்புக்காரன், முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, "என்னாலதான், என்னாலதான்," என்று முனகிக்கொண்டிருந்தான். கேலன் அவன் அருகில் போய் நின்றார்.

"உன்னால ஒண்ணும் இல்ல. காலைல ஏழு மணி வகுப்புக்கு ஒரு நாள்கூட லேட்டா வராதவன் நீ. தப்பு என்னுது. முழுக்க என்னுது."

அறை அடங்கியது. டீக் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மைதானத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு போனதற்குப் பிறகு அவன் கேலனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வாயைத் திறந்தான்.

"கோச், ஒண்ணு சொல்லவா?"

"சொல்லுடா."

"உங்ககிட்ட நான் ஆடினப்ப ஒன்பது ஆட்டம் தோத்தோம். ஒன்பது தடவையும் இதே எடத்துல நின்னு இதே வார்த்தையைச் சொன்னீங்க. பந்தைக் கீழ விட்டது நாங்க. ஆளைத் தப்ப விட்டது நான். நீங்க வந்து நின்னு, 'தப்பு என்னுது, முழுக்க என்னுது'ம்பீங்க."

கேலன் தலையை ஆட்டினார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

"ஒன்பது தடவையும் பொய் சொன்னீங்க, கோச். இன்னைக்குத்தான் நெஜமாவே உங்க தப்பு."

மூலையில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அது பக்கத்தவனுக்குத் தொற்றி அறை முழுவதும் பரவியது. டீக் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்குக் கோவம் போகல," என்றான். "ரொம்ப நாளைக்குப் போகாது."

"போக வேண்டாம்டா. வெச்சுக்க."

அத்தனை தோல்விகளிலும் ஒருமுறைகூட அழாத மனிதர், அறுபத்திரண்டு பையன்கள் முன்னால் தோள் குலுங்க அழுதார். பையன்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு நேரம் ஆகிவிட்டிருந்தது. அவர் அழுது முடிக்கும் வரை டீக் விசிலை எடுக்கவில்லை.