புகாரில் இல்லாத மழை

தேவகியம்மா இறந்த செய்தி நம் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. அதற்கு மேலே லிஃப்ட் பழுது பற்றிய அறிவிப்பு. கீழே, தன் இடத்தில் வேறு யாருடைய காரோ நிற்பதாக ஒருவர் அனுப்பிய படம். நடுவில் இது: 'பால்காரம்மா தவறிவிட்டார். நாளை முதல் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்.' கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. பதினோராவது என்னுடையது. அடுத்ததாக ஒருவர் எந்தக் கடையில் பாக்கெட் பால் நல்லது என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்பதால் பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில்தான் கை நின்றது.

இந்தச் சங்க இதழைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் பால் வாங்கியவர்கள். ஆகவே அவரைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், என்னைப் போலவே. அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே பழைய ஊர்த் தெருவில் வீடு, நான்கு எருமை, குமார் என்று ஒரு மகன். நம்முடைய இரண்டாம் பிளாக் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயல். இதை அறிந்ததும் எழுத்தாளனுக்குரிய சோகத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு அவரிடம் துக்கம் விசாரித்தேன். அவர் பாலை அளந்துகொண்டே சொன்னார்: "வித்தோம் சார், துட்டு வாங்கினோம், ரெண்டு பொண்ண கட்டிக் குட்த்தோம். அதுல அழறதுக்கு இன்னா கீது? ஆனா கால்வாய நாங்க விக்கல. அது எங்குளுது இல்ல."

அந்தக் கால்வாய், ஏரி நிறைந்தால் மிச்ச நீர் கூவத்துக்குப் போகும் வழி. மேற்கே உள்ள ஏரிகள் ஒன்று வழிந்து இன்னொன்றை நிரப்ப, கடைசியில் எல்லாம் நம் ஆற்றுக்குத்தான் வரவேண்டும். நம் வளாகத்தின் கிழக்கு ஓரமாக அது ஓடுகிறது. ஓடியது. கோடையில் அங்கே நீர் இல்லை; கொசு இருந்தது. நம் குடியிருப்பின் பெயரில் ஏரி இருக்கிறது, விலையிலும் ஏரி இருந்தது. ஏரியின் வால் மட்டும் நமக்கு வேண்டாததாக இருந்தது. கட்டட இடிபாட்டைக் கொட்டிச் சமன் செய்து, மேலே சிமெண்டுக் கல் பதித்து, நடைப்பயிற்சிப் பாதை போடுவதென்று பொதுக்குழு முடிவெடுத்தது. சர்க்கரை நோய் நம்மிடையே பரவலாக இருந்ததால் எதிர்ப்பு எழவில்லை.

எதிர்த்தது வெளியிலிருந்து வந்த ஒருவர்தான். தேவகியம்மா கூட்டத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே ஐந்து வருடமாகத் தண்ணீரே வரவில்லை என்று நம் தலைவர் விளக்கினார். "என் தம்பிகூடத்தான் துபாய்க்குப் போயி அஞ்சு வருசமா வர்ல. அதுக்காக அவன் ஊட்ட இட்ச்சிட்டோமா?" என்றார் தேவகியம்மா. எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டுப் பாதையை நிறைவேற்றினோம். அந்த மாத சங்க இதழில் நான் அவருக்குக் கால்வாய்த் துறை அமைச்சர் என்று பட்டம் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். நம் குழந்தைகள் அந்தப் பெயராலேயே அவரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் பால் ஊற்றும்போது, "அமைச்சருன்னா காரு குடுப்பாங்களே சார், என் காரு எங்க?" என்று கேட்டார். அதையும் அடுத்த இதழில் போட்டேன். என் பத்தி நன்றாக ஓடிய காலம் அது.

போன கார்த்திகையில் மழை மூன்று நாள் நிற்காமல் பெய்தது. ஏரி வழிந்தது. வழிந்த நீர் நம் பாதையில் முட்டி, வந்த வழியே திரும்பிப் பழைய ஊர்த் தெருவுக்குள் போனது. நம் வளாகம் மண் கொட்டி உயர்த்தப்பட்டது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் மதியம் தேவகியம்மா புடவை முழுக்க நனைந்து நம் வாசலுக்கு வந்தார். பாதையை ஓரிடத்தில் வெட்டிவிடக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவோம் என்றார் தலைவர்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் நில்லுன்னு தண்ணிகிட்ட யாராச்சும் சொல்லினு வாங்கப்பா" என்றவர், அப்படியே திரும்பிப் போனார். அரை மணி நேரத்தில் குமாரையும் தெருக்காரர் நால்வரையும் கடப்பாரையோடு கூட்டி வந்தார். காவலாளி தடுக்கவில்லை, அவர் வீடும் அந்தத் தெருவில்தான். கல்லைப் பெயர்த்தார்கள், இடிபாட்டைத் தோண்டினார்கள். நாம் எல்லாரும் பால்கனியில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தோம். என் படம் மிகத் தெளிவாக வந்திருந்தது. பள்ளம் விழுந்ததும் நீர் அவர்கள் கால்களுக்கிடையே பாய்ந்து கூவம் பக்கமாகப் போனது. மாலைக்குள் தெரு வடிந்தது.

சங்கம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. கையெழுத்து செயலாளருடையது. எழுதியது நான். இதை இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 'அத்துமீறி நுழைந்து', 'ஆயுதங்களுடன்', 'பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்து' என்று ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைத்தேன். நிலையத்தில் அதை உரக்கப் படித்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தேவகியம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, யாரும் காட்டிக்கொடுக்காமலேயே என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் எழுதிக்கீற சார். எல்லாம் நடந்ததுதான். ஆனா மழ பேஞ்சத உட்டுட்டியே."

உண்மை. அந்தப் புகாரில் ஒரு பொய்யும் இல்லை. மழையும் இல்லை. படிப்பவர்கள், ஒரு வெயில் நாளில் ஆறு பேர் காரணமே இல்லாமல் வந்து நடைபாதையை உடைத்தார்கள் என்றுதான் நினைக்க முடியும். அவ்வளவு தேர்ச்சியோடு நான் வேறெதையும் எழுதியதில்லை.

இனி வளாகத்துக்குள் நுழைவதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததும் விஷயம் முடிந்தது. பாதையை மறுபடி போட்டோம், இந்த முறை அடியில் கான்கிரீட்டோடு. அவர் பாலைக் காவலாளி அறையில் வைத்துவிட்டுப் போனார். நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். கொள்கை வேறு, காப்பி வேறு. அவர் வரும் நேரத்தில் வாசல் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் எதிர்ப்பட்டுவிட்டோம். காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, இல்லாத ஒருவரோடு பேசினேன். "பேசு சார், பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசி. நெஞ்சுவலி என்றார்கள்.

சாவுக்குப் போனேன். நம் குடியிருப்பிலிருந்து வேறு யாரையும் காணவில்லை. தெருமுனையில் நின்ற ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், பாலு நின்னுபோச்சுன்னு வந்தியா?" என்றார். இல்லை என்று சொல்லும் தகுதி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி நெருங்குகிறது. ஏரி இப்போதே முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பாதையைத் தோண்டிக் கால்வாயைத் திறக்கவேண்டும் என்று வரும் கூட்டத்தில் என் பெயரில் ஒரு மனு வைக்கப்போகிறேன். அதில் போன முறை விட்டதை எழுதவேண்டும். தண்ணீர் எங்கே, எவ்வளவு நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் மூன்றாவது மாடியில் இருந்தேன். ஆகவே கருமாதி முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன். ஒருவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ஒருவர் கூடத்துக்குக் கூட்டிப்போய், "கட்டிலு மேல ஏறி நின்னேன், அப்பவும் முட்டி வரிக்கும்" என்றார். ஒரு பெண் தன் மகளை நிற்க வைத்து, அவள் கழுத்தில் விரல் வைத்தாள்.

கடைசியாகத் தேவகியம்மா வீடு. எல்லா வீடுகளையும்விடப் பள்ளத்தில் இருப்பது. சுவரில் நீர் நின்ற கோடு இருக்கும், அளந்துகொள்ளலாம் என்று டேப் கொண்டு போயிருந்தேன். சுவர் வெள்ளையாக இருந்தது.

"கோடு இல்ல சார்" என்றார் குமார். "பொங்கலுக்கு அம்மாவே வெள்ள அட்ச்சிடுச்சு. அத்தப் பாத்துகினு சோறு துன்ன முடியலன்னுச்சு."

டேப்பைச் சுருட்டினேன். அளவு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, மாடு கறந்து காய்த்த உள்ளங்கையை என் நெஞ்சில், சட்டைப்பைக்குக் கீழே அழுத்தி வைத்தார்.

"உனுக்கு இங்க வரும் சார்."

தேவகியம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த அளவுதான். மனுவின் முதல் வரியில் அதை எழுதியிருக்கிறேன்.