வேக்குவம் பம்ப்புக்கு நடந்த அபிஷேகம்

எங்கள் சோதனைக்கூடத்து அதிகாரிக்கு வேக்குவம் பம்ப் என்றால் கிணற்று மோட்டாருக்குத் தம்பி. படித்த மனிதர்தான். பட்டம் வாங்கிய கையோடு படிப்புக்குத் தலைமுழுகிவிட்டார், அவ்வளவுதான்.

பழுப்பு நிலக்கரி மாதிரிகளை உலர்த்தும் அடுப்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க வந்த பம்ப் அது. நான்தான் பொருத்தினேன். ஆட்டமில்லாமல் உட்காரவைத்து, மூட்டுகளில் காற்றுக் கசிவு பார்த்து, அளவு பார்க்கும் கண்ணாடியில் கோட்டைத் தொடும்வரை எண்ணெய் ஊற்றினேன். இதன் வாய்க்குள் தண்ணீர் போகவே கூடாது என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் விடுப்பு. இயந்திரங்களைக் கழுவிப் பொட்டு வைப்பது இங்கே வழக்கம். மைன்ஸில் மண்ணில் புரளும் இயந்திரங்களைக் கழுவட்டும், யார் வேண்டாம் என்றது? இந்தப் புண்ணியவான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்ப்பை அடுப்பிலிருந்து கழற்றவைத்து, திறந்த வாயோடு அதைக் குளிப்பாட்டியிருக்கிறார். அந்தத் திருக்கோலத்தைப் படமெடுக்கச் சொல்லி எங்கள் வாட்ஸப் குழுவிலும் போட்டுக்கொண்டார்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பம்ப்பின் நெற்றி நிறையச் சந்தனம், கண்ணாடிக்குள் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. ஓடவிட்டால் முனகியது, காற்றை இழுக்கவில்லை.

கூட்டித் துடைக்கும் அம்மாதான் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று அதிகாரி கூசாமல் சொன்னார். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். கேட் பாஸைப் பிடுங்கச் சொல்லிக் கான்ட்ராக்டருக்கு அதற்குள் உத்தரவும் போய்விட்டது. பாஸ் போனால் வேலை போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஊத்தலீங்க. சாருதான் பைப்ப புடிச்சிகினு நின்னாரு," என்றார் அந்த அம்மா என்னிடம். "நான் சொன்னா எடுபடுங்களா? என் வூட்டுல இந்தப் பாஸுலதாங்க ஒலை கொதிக்குது."

எண்ணெயை வடித்து, புதிதாக ஊற்றி, ஓடவிட்டு, மறுபடி வடித்து, தெளியும்வரை மாரடித்தேன். பம்ப் பிழைத்துக்கொண்டது. விசாரிக்க மேலதிகாரி வந்தார். நம்மவர் அதே பொய்யை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். நான் செல்போனைத் திறந்து படத்தை நீட்டினேன்.

பெரியவர் பார்த்தார். குழாயும் கையுமாக அதிகாரி, எதிரே பம்ப். படத்துக்குக் கீழே ஆளாளுக்குப் போட்ட கும்பிடுகள். முதல் கும்பிடு இந்தப் பெரியவருடையதுதான்.

செல்போனைத் திருப்பித் தந்தார். இனிமேல் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கேட் பாஸ் திரும்பி வந்தது. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு மன்னிப்பு வரவில்லை. அன்று மாலையே அதிகாரி படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிட்டார், வெட்கம் கெட்ட மனிதர். என் செல்போனில் ஒரு நகல் பத்திரமாக இருந்தது.

அந்த அம்மா பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பம்ப்பின் சந்தனத்தைத் துடைத்தார். பிறகு தன் செல்போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் படத்த இதுல ஏத்திக் குடுங்க. அடுத்த வருசமும் பூஜை வருமில்லீங்களா."