வலை ஊசியின் நாக்கு

கலியாணம் முடித்து, கணவரின் ஊரான கீரி என்ற கடற்கரைக் கிராமத்துக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சாமான்களில் மிகப் பெரியது ஒரு கொம்பியூட்டர். அதற்கு முன் ஏழு வருடம், கொழும்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இரும்பு அச்சுச் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். விலகப் போகிறேன் என்றதும் முதலாளி சம்மதிக்கவில்லை, வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பச் சொன்னார். குசினிக்குப் பக்கத்து அறையில் மேசையும் கதிரையும் போட்டு அதையே கந்தோராக்கிக்கொண்டேன்.

அதே வளவில் குடியிருந்த என் மச்சாளுக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, காலையிலிருந்து பின்னேரம் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன தொழில் என்று விளங்கவில்லை. இரண்டு இரும்புக் கட்டிகளுக்கு நடுவே ஒரு பொருளின் வடிவத்தில் குழி வெட்டுவார்கள், உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அமுக்குவார்கள், ஆறியதும் திறந்தால் பொருள் விழும், அந்தக் குழியை முதலில் கொம்பியூட்டரில் வரைவது நான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அச்சுப் பலகாரம்தானே” என்றார். அன்றிலிருந்து ஊரில் யார் விசாரித்தாலும், தம்பியின் பெண்சாதி பிளாஸ்டிக்கில் பலகாரம் சுடுகிறாள் என்றுதான் சொன்னார்.

ஒருநாள் முதலாளி அழைத்து, வலை ஊசி செய்து விற்கப் போவதாகச் சொன்னார். வலை ஊசி, கிழிந்த மீன்வலையைப் பொத்த உதவும் ஒரு சாண் நீளமான தட்டை ஊசி. ஒரு முனை கூர், மறுமுனையில் இரண்டு கால்கள். நடுவில் உள்ள இடைவெளியில், கூர்முனையை நோக்கி மெல்லிய நாக்கு ஒன்று நிற்கும். நூலை அந்த நாக்கில் கொழுவிக் கொழுவித்தான் சுற்ற வேண்டும். நான் கடற்கரையில் இருப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். நான் பிறந்து வளர்ந்ததோ மன்னார் டவுனில், தபால் கந்தோரில் வேலை பார்த்த அப்பாவின் வீட்டில். வலை பொத்துவதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றுவிட்டேன்.

மாதிரிக்கு வந்த ஊசியை அளந்து மூன்று நாளில் வரைந்து முடித்தேன். ஒரே அச்சில் எட்டு ஊசிகள், இரண்டு வரிசையாக. எல்லாக் கூர்முனைகளும் நடுவை நோக்கி இருந்தன. நடுவில் ஓடும் வாய்க்காலிலிருந்து பிளாஸ்டிக் ஒவ்வொரு ஊசிக்குள்ளும் அந்த முனை வழியே புகும். திரையில் அது மீன்முள்ளைப் போல அவ்வளவு அழகாக இருந்தது. மீன்பிடிக்கப் போய்க் கடலால் வந்த கணவரைச் சாப்பிடவும் விடாமல் கூட்டிவந்து காட்டினேன்.

சில கிழமைகளில் பச்சை நிறத்தில் நாற்பது ஊசிகள் பஸ்ஸில் பார்சலாக வந்தன. மச்சாளும் அயலில் மூன்று பேரும் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலைந்து தரம் நூல் சுற்றுவதற்குள் முதல் நாக்கு முறிந்தது. பிறகு அடுத்தது. தேத்தண்ணி வருவதற்குள் பதினொரு நாக்குகள் போய்விட்டன. அயலவர்கள் சிரித்தார்கள். நான் பார்சல் கடதாசியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. முறிந்தவற்றை மடியில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே இடத்தில முறிஞ்சிருக்கு, பாரும்.”

பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. முனையால் புகுந்த பிளாஸ்டிக் இரு பக்கமாகப் பிரிந்து ஓடி, நாக்கின் அடியில்தான் மறுபடி சேர்கிறது. சேரும்போது கொஞ்சம் ஆறிவிடுவதால் அந்த ஒட்டு பலமாக இருக்காது. பிளாஸ்டிக் எப்படி ஓடும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி என் கொம்பியூட்டரிலேயே இருந்தது. படத்தின் அழகில் மயங்கி அதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

கால் பக்கமாகப் பிளாஸ்டிக்கை விட்டால் நாக்கு தப்பும். ஆனால் புகுந்த இடத்தில் எப்போதும் ஒரு சிறு தழும்பு நிற்கும், நூல் அதில் உராய்ந்தால் அறுந்துவிடும். இதை மச்சாளிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீர் ஒருக்காலாவது வலை பொத்தியிருக்கிறீரோ?”

“இல்லை மச்சாள்.”

“அப்ப இதில இரும். முதல் ஒரு கிழிசலைப் பொத்தும். பிறகு போய்க் கொம்பியூட்டரில கீறும்.”

இரண்டு நாள் அந்த மணலில் இருந்தேன். என் முடிச்சுகளைப் பார்த்த ஒருவர், இந்த வலைக் கண்ணுக்குள்ளால் மீன் குடும்பத்தோடு போய்விடும் என்றார். ஆனால் நூல் எங்கே உரசுகிறது, எங்கே இழுபடுகிறது என்று விரல்களுக்குப் பிடிபட்டது. முடிவில் மச்சாள் ஊசியின் ஒரு காலின் வெளிப்புறத்தில் பெருவிரலை வைத்து, நூல் படாத இடம் இது ஒன்றுதான் என்றார். பிளாஸ்டிக் புகும் வாயை அங்கேயே வைத்து வரைந்தேன்.

முதலாளியிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர், அச்சில் ஊசிகளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். நல்லகாலம், ஒவ்வொரு ஊசியும் தனித்தனி இரும்புக் கட்டியில் வெட்டப்பட்டிருந்தது. பட்டறையில் கட்டிகளைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பழைய வாயை அடைத்து, புதியதை வெட்டினார்கள். இந்த முறை ஓட்டத்தைத் திரையில் நாலு தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒட்டு, முனைக்குப் பக்கத்தில் தடிப்பான இடத்துக்குப் போயிருந்தது.

இரண்டாவது பார்சல் வந்தபோது மச்சாள் ஒரு ஊசியின் நாக்கை இப்படியும் அப்படியும் வளைத்தார். பிறகு பின்னேரம் வரை அதிலேயே வலை பொத்தினார். எழும்பும்போது, “இது ஊசி” என்றார். பன்னிரண்டைத் தன் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் விடத்தல்தீவில் ஒரு சொந்தக்காரப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போய்த் திரும்பும்போது, நூல் வாங்க மச்சாள் ஒரு வலைக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரரான முஸ்லிம் நானா ஒரு பச்சை ஊசியை எடுத்து எங்கள் முன் வைத்து, இது வெளிநாட்டுச் சாமான், நாக்கு முறியாது என்றார்.

“வெளிநாடோ? இவதான் கீரியில இருந்து கீறினவ” என்றார் மச்சாள்.

நானா என் கோயில் சேலையைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஊசிக் காலின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கோ, சின்னத் தழும்பு இருக்கும் என்றேன். வெளிச்சத்தில் பிடித்துத் தடவினார். பிறகு உள்ளேயிருந்து இரண்டு கதிரைகளை எடுத்துவந்து போட்டு எங்களை இருக்கச் சொன்னார். சின்னக் கண் வலைக்கு இது பெரிது, இதில் சின்னது ஒன்று செய்ய ஏலுமா என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், புதுநன்மை அழைப்பிதழின் பின்பக்கத்தில் சின்ன ஊசியைக் கீறத் தொடங்கினேன். பஸ் குலுக்கியதில் கோடுகள் கோணின. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சாள், நாக்கு நீளம் காணாது, இன்னும் நீள வேண்டும் என்று என் கையிலிருந்து பேனையை வாங்கினார்.